தமிழில் ஒரே ஒரு படிவம்

நவ. 17, திங்கள்

காலை ஆறரை. வெளியே ஒரே புகை. எதிர் பிளாக் தெரியவில்லை. தொண்டையில் ஊசி குத்துகிறது. பி.பி. மாத்திரை நேற்றோடு தீர்ந்தது.

ஆபீஸ் போனதும் மேஜையில் சர்க்குலர். பல்கலைக்கழக ஊழியர்களின் மன அழுத்தம் குறைய இரண்டு வார யோகா, தியான முகாம். தினமும் எட்டரை முதல் ஒன்பதேகால் வரை செமினார் ஹாலில். கட்டாயம். கைரேகை வைக்க வேண்டும். பொறுப்பு அதிகாரி: அடியேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெபுடி ரிஜிஸ்ட்ரார் குப்தா ஜியிடம் போய் நின்றேன். பரீட்சைப் பிரிவில் ஏழு பேர் பார்க்க வேண்டிய வேலையை மூன்று பேர் பார்க்கிறோம், இதில் இது வேறா என்றேன். அவர் ஹிந்தியில் குழைந்தார்: "உங்களை விட்டா யாரு ஜி? டிசம்பர்ல பிரமோஷன் கமிட்டி உட்காருது. இதுவும் உங்க ஃபைல்ல ஏறும்." பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

செய்ய வேண்டியவை: பாய் நூறு (ஸ்டோரில் நாற்பதுதான் இருக்கிறதாம்). மைக். குடிதண்ணீர். மறுமதிப்பீட்டுக் கட்டு மூன்று, இன்றே. மாத்திரை.

இந்த நோட்டைத் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. ஆபீஸ் டிராயரில் கிடந்தாலும் என் பிரிவில் ஒருத்தனுக்கும் விளங்காது. வீட்டில் மகள் நித்யா டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து படிக்க மாட்டாள். மனைவி சரோஜா என் நோட்டைத் தொடவே மாட்டாள். அதனால் இங்கே என்ன வேண்டுமானாலும் திட்டலாம்.

நவ. 18, செவ்வாய்

முதல் வகுப்பு. சொல்லித்தர வந்த அம்மா வெள்ளை சல்வாரில் நல்ல தெளிவாக இருந்தார். "ஆழமா மூச்சை உள்ளே இழுங்க." ஹாலுக்குள்ளேயே புகை. பாதிப் பேர் இருமல். கேஷ் பிரிவு ஆள், "மேடம், இதுக்கு மேல இழுத்தா ஆஸ்பத்திரிதான்" என்றான். நானும் சிரித்தேன். காற்றைச் சுத்தப்படுத்தும் மெஷின் ரிஜிஸ்ட்ரார் அறையில் ஒன்று, குப்தா ஜி அறையில் ஒன்று. நமக்கு பிராணாயாமம்.

கடைசியில் சவாசனம். கண்ணை மூடிப் படுத்தால் கண்ணுக்குள் மார்க் ஷீட் ஓடுகிறது. எல்லோரும் எழுந்தார்கள். வசந்தா மட்டும் எழவில்லை. வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். யாரோ போனில் படம் எடுக்கப் போனான். அதட்டி நிறுத்தினேன்.

வசந்தா ரிசல்ட் பிரிவு. மதுரைப் பக்கம். பதினொரு வருஷமாகக் கான்ட்ராக்ட். வருஷா வருஷம் டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும். கணவர் தவறி மூன்று வருஷம், பெண் புனேயில் படிக்கிறாள், இவள் கரோல் பாக்கில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். இந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அவளும் நானும்தான்.

எழுப்பினேன். பதறி எழுந்தாள். "போச்சு, தூங்கிட்டேனாண்ணே? ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது. இங்க வந்து மானத்த வாங்குது."

"அதுக்குத்தான முகாமே. தூங்கு, தூங்கு," என்றேன். சிரித்தாள். முகம் வீங்கி இருந்தது.

நவ. 19, புதன்



காலையில் வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம். கேள்வி எட்டு, கீழே விருப்பமிருந்தால் எழுத ஒரு கட்டம். மத்தியானம் குப்தா ஜி அறையில் கட்டைப் பிரித்து உட்கார்ந்தோம், அவரும் நானும் அந்த யோகா அம்மாவும். எல்லாம் வழக்கம் போல. 'அச்சா ஹை.' 'டீ கொடுக்கலாம்.' 'ஏழாவது சம்பளக் கமிஷன் பாக்கி என்ன ஆச்சு?'

நடுவில் ஒன்று தமிழில். குப்தா ஜி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அரே, இது உங்க பாஷைதானே? படிங்க, படிங்க."

மனசுக்குள் படித்தேன். அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'மூச்சை உள்ளே இழுக்கச் சொல்றீங்க, இழுக்கறேன். வெளியே விடறப்பல்லாம் இதோட போதும்னு தோணுது. மெட்ரோ வர்றப்ப சுவரோட ஒட்டி நின்னுக்கறேன். என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல. யாராச்சும் ஒருத்தர் என்னாச்சுன்னு கேட்டா நல்லாருக்கும்.'

அதே மேஜையில், என் முழங்கைக்குப் பக்கத்தில், கான்ட்ராக்ட் ஆட்களைப் புதுப்பிக்கும் ஃபைல். இருபத்திரண்டு பெயர், எட்டு பேரைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. போன வருஷம் பிரஷரில் மயங்கி விழுந்த ஒருத்தரைத்தான் முதலில் கழித்தார்கள்.

"என்ன எழுதியிருக்கு ஜி?"

சொன்னேன்: "ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் மனசு லேசாகுது, இந்த முகாம் நடத்தினவங்களுக்கு நன்றின்னு எழுதியிருக்கு."

யோகா அம்மாவுக்குக் கண் கலங்கியது. குப்தா ஜி "வாஹ்" என்று அதை ஹிந்தியில் குறித்துக்கொண்டார்.

வேலையைக் காப்பாற்றத்தான் சொன்னேன். வேறு யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சாயங்காலம் அவளிடம் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஐந்தரைக்கு மறுமதிப்பீட்டு விடைத்தாள் கட்டுகள் வந்தன. முடிக்கும்போது ஏழரை. ரிசல்ட் பிரிவில் விளக்கு அணைந்திருந்தது.

நவ. 20, வியாழன்

கேண்டீனில் வசந்தாவே வந்தாள். டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டு, "அண்ணே, அந்த ஃபார்ம் எல்லாம் பிரிச்சாச்சா?"

"எங்கம்மா பிரிக்க? கட்டி அப்படியே கெடக்கு."

"அச்சா," என்றாள். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எதற்கு அப்படிச் சொன்னேன்? மடையன். படித்தேன் என்று சொன்னால் அடுத்து ஏதாவது செய்ய வேண்டும். எனக்கு எதைச் செய்யவும் தெம்பில்லை. உண்மை அதுதான். காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே அழுகை வருகிறது. என்னிடம் யார் வந்து கேட்டார்கள்?

மாத்திரை இன்றும் மறந்தேன்.

நவ. 22, சனி

எங்கள் மயூர் விஹாரில் காலையில் வெயில் மாதிரி ஏதோ ஒன்று. காலிஃபிளவர், பட்டாணி, அரிசி மாவு. காஸ் சிலிண்டர் பதிவு.

சரோஜாவிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஆபீஸில் ஒரு பொம்பளைப் பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது என்று. அவள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க போய் விசாரிச்சேளா?"

"விசாரிச்சு என்னத்த செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா ஒரு வார்த்த கேளுங்க."

"பொம்பளைகிட்ட எப்படி..."

உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "யாருன்னு எனக்குத் தெரியும். நம்பரைக் குடுங்க, நான் பேசுதேன்."

வேண்டாம், திங்கட்கிழமை நானே பேசுகிறேன் என்றேன்.

நவ. 24, திங்கள்

லிஃப்ட் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். தாமரைப் படம், ரிஜிஸ்ட்ரார் படம், நடுவில் கொட்டை எழுத்தில் ஹிந்தியில்: 'ஒவ்வொரு மூச்சிலும் மனம் லேசாகிறது.' கீழே சின்னதாக, 'ஒரு தமிழ் ஊழியர்.'



பத்தரைக்கு வசந்தா அதன் முன்னால் நிற்பதைப் பார்த்தேன். ஹிந்தி என்னைவிட நன்றாகப் படிப்பாள். இரண்டு தடவை படித்திருப்பாள், அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு கையிலிருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் போனாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஐம்பத்து நாலு வயசு, தூணுக்குப் பின்னால் ஒளிகிறேன்.

மத்தியானம் குப்தா ஜி: "அது நீங்க எழுதலைன்னா வசந்தா ஜிதான். வெள்ளிக்கிழமை நிறைவு விழா. மேடைக்குக் கூப்பிட்டுப் பேச வைப்போம். ரிஜிஸ்ட்ராருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"கூச்ச சுபாவம் ஜி, விட்டுடலாம்."

"அட, கேட்டாச்சு. சரின்னுட்டாங்க."

சரி என்றாளா?

நவ. 25, செவ்வாய்

ஆபீஸுக்கே லீவு. பதினோரு மணிக்குப் புறப்பட்டேன். வசந்தாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சரோஜாவிடம் சொல்லித்தான் புறப்பட்டேன். கரோல் பாக்கில் இறங்கி அவள் தெரு முனை வரை போய்விட்டேன். சரியான கூட்டம். என்ன சொல்லி ஆரம்பிப்பது? 'பொய் சொன்னேன், மன்னிச்சுக்கோ' என்றா? 'உயிரோட இருக்கியா' என்றா? பத்து நிமிஷம் நின்றேன். கடைக்காரன் "ஆயியே பாய்சாப்" என்று கூப்பிட்டான். நித்யாவுக்கு இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டில், அவள் ஊரில் இல்லை, பூட்டியிருக்கிறது என்றேன். இந்த வாரத்தில் எத்தனையாவது பொய்?

நவ. 27, வியாழன்

பாய், மாலை, மைக், சமோசா இருநூற்றைம்பது. நாளைக்கு விழாவுக்கு முன்னால் எட்டு மணிக்கே அவளைப் பிடித்துவிட வேண்டும். எப்படியாவது.

புகை அப்படியே. மாத்திரை வாங்கினேன்.

நவ. 28, வெள்ளி

மணி நாலே கால். மெட்ரோவில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல். விழா முடிந்ததும் போன வசந்தா மேஜைக்குத் திரும்பவில்லையாம், போனும் அணைந்திருக்கிறது. சரோஜாவும் முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். அவள் அறைக்குத்தான் போகிறேன், கரோல் பாக்குக்கு இன்னும் ஐந்து ஸ்டேஷன். எழுதாவிட்டால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எட்டு மணிக்கு அவள் வரவில்லை. விழா தொடங்கியபின் நேராக ஹாலுக்கு வந்தாள். பச்சைப் பட்டுப்புடவை, தலைவாரிப் பூ வைத்து. மூன்று வருஷமாக அவளை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கே ஒரு நிமிஷம் நிம்மதி வந்தது. சரியாகிவிட்டாள் போல என்று நினைத்தேன்.

ரிஜிஸ்ட்ரார் பேசினார், யோகா அம்மா பேசினார். பிறகு வசந்தா. ஹிந்தியில் வணக்கம் சொன்னாள். குப்தா ஜி முன்வரிசையிலிருந்து, "உங்க பாஷையிலேயே பேசுங்க ஜி, கேக்க இனிமையா இருக்கும். இவர் எங்களுக்குச் சொல்லுவார்" என்று என்னை மேடைக்குத் தள்ளினார். அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை, சபையைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு பேசினாள்.

"அண்ணே, இந்த ஹால்ல உங்களுக்கு மட்டும்தான் புரியும். அதனால உங்ககிட்டயே பேசுறேன். போர்டுல இருக்கறது நான் எழுதினதில்ல. அதுக்கு எனக்குக் கோவமில்ல. எனக்கு வேலை போயிரக் கூடாதுன்னு மாத்திச் சொல்லிருப்பீங்க, தெரியும். ஆனா அன்னிக்குச் சாயங்காலம் வந்து வசந்தா என்னாச்சுன்னு கேப்பீங்கன்னு ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். மறுநாள் நானே வந்தேன். கட்டே பிரிக்கலன்னீங்க. செவ்வாக்கிழமை எங்க தெரு முனையில நின்னீங்க, மாடியில இருந்து பாத்தேன். கீழ எறங்கிக் கதவத் தெறந்து வச்சேன். நீங்க வரல. உங்க ஒருத்தருக்காகத்தாண்ணே தமிழ்ல எழுதினேன். இனிமே கேக்க வேணாம். அவ்வளவுதான்."

கும்பிட்டாள். ஹால் முழுக்கக் கைதட்டல். யாரோ "பஹுத் சுந்தர்" என்றார்கள்.

குப்தா ஜி மேடையேறி மைக்கை என் கையில் திணித்தார். இருநூறு முகம். ரிஜிஸ்ட்ரார் புன்னகையோடு காத்திருந்தார். வாயைத் திறந்தேன். சத்தியமாக, சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன்.

"முகாம் நடத்திய எல்லோருக்கும் நன்றி சொல்கிறார்," என்றேன்.

மறுபடியும் கைதட்டினார்கள். வசந்தா முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் தட்டினாள்.