மச்சான் பார்க்காத பாதை

மச்சான்,

இன்று காலை பிக்கப்பின் பின்னால் இருக்கிற கொக்கிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். மழை தொடங்கும் முன் வருஷா வருஷம் செய்கிற வேலைதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது.

ரங்கூன் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் விழுந்து இடுப்பு போனபின் உன்னால் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம்கூட உட்கார முடியவில்லை. படுத்தே கிடந்த நீ கேட்டது ஒன்றே ஒன்று, சௌங்தா கடலை ஒருமுறை பார்க்க வேண்டும். ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன சின்னப் படுக்கை வண்டி மிங்கலாடோனில் சும்மா நின்றது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கட்டிலை ஒட்டிப் பின்பக்கம் அகலமான கண்ணாடி ஜன்னல். என் அரிசிக்கடை பிக்கப்பில் கட்டி இழுத்துப் போய்விடலாம் என்றேன். எட்டாவதைத் தாண்டாதவனுக்கு அதில் என்ன கணக்கு இருக்கப்போகிறது என்று எப்படித் தெரியும்?

ஷ்வேப்யிதா பட்டறைக்காரர், நாம் ஸயா என்று கூப்பிடுவோமே, படுக்கை வண்டியின் மூக்கை, பிக்கப்பில் மாட்டுகிற அந்த முனையை, தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கடைத் தராசையே தூக்கிப் போனோம். உன்னைக் கட்டிலில் படுக்க வைத்ததும் மூக்கு தராசை விட்டே எழும்பியது.

“என்ன மச்சான், நான் என்ன அரிசி மூட்டையா? எத்தன வீசை தேறுவேன்?”

“தேறாது. கழிவுச் சரக்கு.”

ஸயா சிரிக்கவில்லை. பின்பாரம் அதிகமானால் ஓட்டத்தில் வால் ஆடும், பிக்கப்பையும் சேர்த்துக் கவிழ்க்கும் என்றார். கட்டிலை முன்பக்கம் மாற்ற வேண்டும். மாற்றினால் பாரம் பிக்கப்பின் பின்புறத்தை அமுக்கும், முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அதற்குச் சாதாரணக் கொக்கி போதாது. இரண்டு பக்கமும் வில்லுப் போன்ற இரும்புத் தண்டுகளைச் சங்கிலியால் இழுத்துக் கட்டுகிற கொக்கி வேண்டும்; அதுதான் பாரத்தை முன்சக்கரத்துக்கும் பங்கு வைக்கும் என்றார்.

நீ ஒரேயடியாக மறுத்தாய்.

“முன்னால படுத்தா ஒன் வழுக்க மண்டைதான் தெரியும். அதப் பாக்கவா கடலுக்கு வர்றேன்? பின்னாடியே போடு மச்சான், ரோடு ஓடறதப் பாத்துக்கிட்டே வர்றேன். மெதுவா ஓட்டு. ஆடுனா ஆடட்டும்.”

“வண்டி ஆடுனா ஒங்கக்கா என்ன ஆட்டி வச்சிருவா.”

நான் கட்டிலை முன்னால் மாற்றினேன். தண்டு வைத்த கொக்கி ரங்கூனில் எங்கே கிடைக்கும்? கப்பலில் வேலை பார்க்கிற ஒருவர் கொண்டுவந்து கொடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபின் உன்னை உள்ளே படுக்க வைத்து மிங்கலாடோன் வரை வெள்ளோட்டம் விட்டோம். நூல் பிடித்தாற்போல் வந்தது வண்டி. பெருமை தாங்காமல் இறங்கி ஓடிவந்தேன்.

“எப்புடி மச்சான்?”

“நல்லாத்தான் ஓட்டுற,” என்றாய். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

குளிர் தொடங்கியதும் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடலுக்கு நாள் பார்த்து வைத்திருந்த வாரத்தில் உன் உடலைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தோம்.

மறு கோடையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் சௌங்தா போனோம். மலை வளைவில்கூட வண்டி ஆடவில்லை. “பாத்தியா, எப்புடி வருதுன்னு?” என்று உன் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“படுக்க வண்டிக்குள்ள முன்னால நாலு மூட்ட அரிசிய ஏத்தியிருந்தா சரியாப் போயிருக்குமே. தம்பி பின்னாடியே படுத்திருக்கலாமுல்ல?”

பிக்கப்பை ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். ஸயா இரும்புக்காரர், அவருக்கு இரும்புதான் தோன்றும். நான் விடிந்தால் மூட்டையில் விழிக்கிறவன் மச்சான். அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்திலேயே பிக்கப்பில் மூட்டைகள் கிடந்தன. கவிழாமல் உன்னைக் கொண்டுசேர்ப்பதிலேயே குறியாக இருந்தேன்; நீ எதைப் பார்க்க ஆசைப்பட்டாய் என்பது எனக்கு விளையாட்டுப் பேச்சாகத்தான் கேட்டது.

இப்போது படுக்கை வண்டி இழுக்கிறவர்கள் கொக்கி பற்றி யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள், வேடிக்கையைப் பார். தண்டு வைத்ததையே வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன், அது நல்ல கொக்கிதான். ஆனால் அதைச் சொல்லும் முன் ஒன்று கேட்டுவிடுகிறேன்: உள்ளே படுத்து வரப்போகிறவருக்கு எந்தப் பக்கம் பார்க்க ஆசை?