கத்தியில் காலண்டர்

12.8.1998, புதன்கிழமை

இது என் வீட்டுக்காரர் கறிக்கடையில் வைத்திருந்த கத்தி. ஒரு பக்கத்தை நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் உப்புத்தாள் போட்டுக் கையாலேயே தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். மறுபக்கம் தொடங்கும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டார். அதை நான்தான் தேய்க்கிறேன். கத்தியைக் காலண்டருக்கு நேராகப் பிடித்தால் அதில் தேதி தெளிவாகத் தெரியணும். அப்போதுதான் வேலை முடிந்தது என்பார்.

மத்தியானம் அப்படிப் பிடித்துப் பார்க்கும்போது ஒக்கலிபுரத்து நாத்தனார் வந்தாள்.

"அண்ணன் போய் ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள முகம் பார்க்கிறீங்களா அண்ணி? அந்தக் கத்திய இப்படிக் கொடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"தேதி பார்க்கிறேன்" என்றேன்.

"ஏன், செவுத்துல தெரியலயா?" பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

நான் கொடுக்கவில்லை. முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் போகிறவரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

முகமும் தெரிந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. அழுது வீங்கிப்போன இந்த மூஞ்சியைப் பார்க்க எனக்கென்ன ஆசையா? பிடிப் பக்கம் இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது. நாளைக்கு வாசலில் உட்கார்ந்தே தேய்க்கப்போகிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.