சாயம் பூசிய வெளிச்சத் தகடுகள்

அன்பு மச்சான் ராமையாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. படையலுக்கு என்ன கறி வைப்பது என்று உன் தங்கச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு நீ போட்ட கூரைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

நம் தோட்டத்துப் பள்ளியின் கூரை. தகரத்துக்கு நடுவே வகுப்புக்கு இரண்டு வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு வைத்தாய். மழை மூட்டத்திலும் பிள்ளைகள் விளக்கில்லாமல் படித்தார்கள். அசாம் ஜாவா பட்டணத்தில் இருக்கும் என் கடையிலிருந்துதான் அத்தனை சாமானும் போனது.

“தகட்டுக்கு அடியில கம்பி வலை போடு மாப்ளே. நாளைக்கு எவனாவது மிதிச்சா நேரா மேசை மேலதான் விழுவான்” என்றாய். “வலை போட்டா வெளிச்சம் குறையும். மேல எவன் ஏறப்போறான்?” என்றேன். வெளிச்சம் சும்மா ஒரு சாக்கு, மச்சான். வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தேன்.

போன பள்ளி விடுமுறையில் அந்தத் தகடுகளுக்குச் சாயம் அடித்துவிட்டார்கள். எழுதும் பலகையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறதாம். தகரத்தின் அதே பச்சை, அதுவும் என் கடைச் சாயம். எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. அடித்தவன் உன்னோடு வேலை செய்தவன், எங்கே மிதிக்கலாம் என்று தெரிந்தவன். அவனும் சிங்கப்பூர் போய்விட்டான்.

இப்போது காலை பத்து மணிக்கே வகுப்பில் விளக்கு எரிகிறது. அதுகூடப் போகட்டும். மேலே நின்று பார்த்தால் எது தகரம், எது பிளாஸ்டிக் என்று யாருக்குத் தெரியும்? இத்தனை வெயிலில் அது அப்பளமாகியிருக்காதா?

வரும் சனிக்கிழமை பள்ளியில் கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் செய்யும் வேலை. இலை அடைத்த கூரைக்கால்வாயைச் சுத்தம் செய்யப் பெற்றோர்களே ஏறுகிறார்கள். ஆளை ஏற்றாதே என்று பெற்றோர் சங்கத் தலைவர் சேகரிடம் சொன்னேன்.

“அண்ணே, காலமெல்லாம் கீழ நின்னே செம்பனைக் குலை வெட்டிட்டோம். ஒரு நாளாவது மேல ஏறிப் பார்க்கிறோம்லா. ஏணி குடுக்க மனசில்லன்னா சொல்லுங்க, வேற இடம் இருக்கு.”

நானும் சிரித்துவிட்டு வந்தேன். வலையைப் பற்றி வாய் வரை வந்தது. ஊருக்கே கூரைச் சாமான் விற்கிறவன் அதை எப்படிச் சொல்வான்?

நேற்று மதியம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கீழிருந்து தகடு மங்கலாகத் தெரிகிறது. ஒன்றின் குறுக்கே முடிபோல ஒரு வெள்ளைக் கோடு. வெடித்தது சாயமா, தகடா? அதற்கு நேர் கீழே நாலு மேசை.

“என்ன அங்கிள் பாக்குறீங்க?” என்றாள் ஒரு சின்னப் பிள்ளை.

“ஒண்ணுமில்லம்மா.”

அங்கேயும் பொய்தான்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் உன் நினைவஞ்சலியாக வரும். சேகர் படித்தால் நல்லது. படிக்காவிட்டால்? அதனால் உனக்கு ஒரு வாக்கு. சனிக்கிழமை விடிந்ததும் ஏணி சார்த்தும் இடத்தில் நிற்பேன். வலை வேண்டாம் என்றவன் நான்தான் என்று எல்லார் முன்னும் சொல்வேன். அப்புறமும் ஏறுகிறவன் என்னைத் தள்ளிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

அன்று உன் பேச்சைக் கேட்காத,
உன் தங்கச்சி புருஷன்
மாணிக்கம்