தோட்டக் குழாயின் பலகை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம், கோபம்தான் அடங்கவில்லை.

நான் வேலை செய்யும் விடுதியில் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புல்தரைக்கு விடுகிறோம். அந்தக் குழாயில் ‘குடிக்காதீர்கள்’ என்று பலகை இருக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றிவிட்டார். புதிதாக வந்த என் அறைத்தோழன், நல்ல தண்ணீர் என்று நம்பிக் குடித்து, வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டான்.

“கண்டதைத் தின்னிருப்பான்” என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகையைத் தேடிப்பிடித்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன்.

“எடுடா அதை!”

“எடுக்க மாட்டேன். வேணும்னா என்னை வேலையிலிருந்து எடுங்க!”

இன்றுவரை அவர் பலகையையும் எடுக்கவில்லை, என்னையும் எடுக்கவில்லை. பயப்படாதே, அவனும் தேறிவிட்டான்.

உன் குரலைப் போனில் பதிந்து அனுப்பு. திட்டினாலும் சரி, கொஞ்சம் நீளமாகத் திட்டு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மகன்