வெறும் போசி

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "மெஸ் சாப்பாட்ட நிறுத்துங்க. வயித்துல புண்ணு. ஊட்டுச் சாப்பாடுதான் இனி."

ஊட்டுல யாரு இருக்கா? நான்தான் இருக்கேன். முப்பத்தெட்டு வயது. சிங்காநல்லூரில் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை. எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் ஓட வைத்துவிடுவேன். அடுப்பில் வெந்நீர் தவிர ஒன்றும் வைத்தது கிடையாது.

வரும் வழியில் சின்னக் குக்கர், மத்து, தாளிப்புக் கரண்டி எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் "புதுக் குடித்தனமுங்களா" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன்?

பிப்ரவரி 4

குக்கர் விசில் அடிக்கவே இல்லை. அதன் முன்னால் நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் மூடியில் ரப்பர் வளையத்தை மாட்டவில்லை. ஊரார் பம்புக்கெல்லாம் சீல் மாற்றிக் கொடுக்கிற மனோஜ்குமார். இதைப் பட்டறையில் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அரிசிம்பருப்பு செய்தேன். நானே.

சோம்பேறிக்கும் கஞ்சனுக்கும் சேர்த்துக் கண்டுபிடித்த சாப்பாடு இது. ஒரே குக்கர், காய்கூட வேண்டாம். எண்ணெயில் சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டு வதக்க வேண்டியது. அரிசி நாலு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்ததற்கு மூன்று மடங்கு தண்ணீர், உப்பு. மூன்று விசில். மேலே நெய். ஆனைமலையிலிருந்து அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான். ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூடியைத் திறந்தால் ஒரு பந்தியே சாப்பிடலாம்.

கொட்ட மனசு வரவில்லை. மூடிபோட்ட தூக்குப்போசியில் போட்டு எடுத்துக்கொண்டு எதிர் போர்ஷன் கதவைத் தட்டினேன். பிரத்யுஷாவும் அவர் அப்பா கோவிந்தராஜுலுவும் அங்கே குடியிருக்கிறார்கள். பிரத்யுஷா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விவாகரத்து ஆகி, போன வருஷம் அப்பாவோடு இங்கே வந்தார். தண்ணி வந்துச்சுங்களா, கரண்டு போச்சுங்களா என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

"ஏனுங்க, இத்தன எதுக்குங்க" என்றார். வயிற்றுப் புண்ணையும் அளவு தெரியாததையும் சொன்னேன். சாயங்காலம் போசி திரும்பி வந்தது. உள்ளே முறுக்கு.

"நல்லா இருந்துச்சுங்க."

பிப்ரவரி 10

நல்லா இருந்துச்சாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பச்சைப்பயிறு வறுத்து, வேகவைத்து, மத்தால் கடைந்தேன். சுவரெல்லாம் பயிறு. இந்த முறை தானாக மிஞ்சவில்லை, மிஞ்சுகிற மாதிரி செய்தேன். போசி போனது. முருங்கைக்காயோடு வந்தது. நல்லா இருந்துச்சுங்க.

முருங்கைக்காயில் சாம்பார் வைத்தால் அதில் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அங்கிருந்து ஏதாவது வரும். அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். இது நிற்கவே நிற்காது. நிற்க வேண்டாம் சாமி.

பிப்ரவரி 22

விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்ததில் இணைப்பை மாற்றிப் போட்டுவிட்டேன். மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. நல்லவேளை, பட்டறையிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

போசியில் சர்க்கரை.

"ஊட்டுல ஒண்ணுமே இல்லீங்க. வெறும் போசி குடுக்கக் கூடாதுல்லங்க, அதான் சக்கரை போட்டேன்."

அப்படியா சங்கதி. எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை ஒருநாளும் வெறுமனே தந்ததில்லை. அப்படியானால் அந்த முறுக்கு? முருங்கைக்காய்? எல்லாம் போசிக்கு மரியாதை, எனக்கு இல்லை. அந்த "நல்லா இருந்துச்சுங்க" மட்டும் என்னவாம்? இந்த ஊரில் வாயில் வைக்க முடியாததைக் கொடுத்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நானே எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதியாயிற்று. அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லை வெறும் மரியாதையா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

மார்ச் 5

சோதனை செய்தேன். தக்காளி ரசம். உப்பே போடவில்லை. வேண்டுமென்றே.

"நல்லா இருந்துச்சுங்க" என்றார் பிரத்யுஷா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். உள்ளேயிருந்து கோவிந்தராஜுலு, "தம்பி, உப்பு போட்டீங்களா?" என்றார். "அப்பா, பேசாம இருங்க" என்று அவரை அடக்கிவிட்டுப் போசியை நீட்டினார். உள்ளே ரெண்டு வாழைப்பழம்.

மரியாதைதான். சந்தேகமே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கவலையில் அடுப்பைக் கவனிக்கவில்லை. அரிசிம்பருப்பு அடிபிடித்துவிட்டது. மேலாக எடுத்துக் கொடுத்தேன்.

போசி திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, உள்ளே ஒன்றுமில்லாமல்.

"அடிபிடிச்சிருந்துச்சுங்க. நல்லாவே இல்ல. தண்ணியும் பத்தல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 10

போச்சு. மரியாதையும் போச்சு. ஒரு துளி சக்கரை போடக்கூட மனசு வரலியா? அப்பிடி என்ன பண்ணிப்போட்டேன்? ராத்திரி மெஸ்ல புரோட்டா தின்னேன். வயிறு எரியுது. எரியட்டும்.

மார்ச் 14

பட்டறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல அடுப்பே எரியறதில்லயாட்ட இருக்குது. வயித்துக்கு மறுபடியும் முடியலீங்களா?"

கேட்டுவிட்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ. "வெறும் போசி குடுத்துட்டீங்களேங்க."

அவர் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் என்ன போட்டுக் குடுக்கறதுன்னு தேடித்தேடி அலுத்துப்போச்சுங்க. அந்நியருக்குத்தான போசிய நெறச்சுக் குடுக்கணும்? நல்லா இருக்குதுன்னு பொய் சொல்றதும் அவிகளுக்குத்தானுங்க. எனக்கு உங்ககிட்ட இனி அதெல்லாம் வேண்டாம்னு தோணுச்சு. தப்புன்னா சொல்லுங்க, நாளைக்கே சக்கரை வாங்கியாரேன்."

தப்பில்லீங்க என்றேன். அப்படித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பைக் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, பஸ்ஸில் பட்டறைக்குப் போனேன்.

மார்ச் 15

இன்றைக்குச் செய்த சாம்பார் பிரத்யுஷாவுக்குப் பிடிக்கவில்லை. புளி பச்சை வாசம் அடிக்கிறதாம். இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்த்ததில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பிரத்யுஷாவைக் கட்டிக்கொள்வதைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தெலுங்குக்காரங்க, ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்து ஆனவ, எல்லாவற்றையும். "வார ஞாயித்துக்கெழம வாரேன், வந்து பேசிக்கலாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

பிரத்யுஷாவுக்குப் பயம். "உங்கம்மா திட்டுவாங்களா?" திட்டினால் கவலையில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அம்மாவுக்கு யாரையாவது பிடிக்கவில்லை என்றால் பேச்சில் தேன் ஒழுகும். வாங்க, போங்க, உங்களுக்கு எதுக்குங்க சிரமம். அப்படி உபசரிக்கப்பட்டவர்கள் எங்கள் வீட்டுக்கு இரண்டாம் முறை வந்ததில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா காலையிலேயே வந்துவிட்டாள். நான் அரிசிம்பருப்பு வைத்தேன். பிரத்யுஷா புளிச்சக்கீரை கடைந்து கொண்டுவந்தாள். எல்லோரும் கீழே உட்கார்ந்தோம்.

அம்மா கீரையை ஒரு வாய் சாப்பிட்டாள். "ரொம்ப நல்லா இருக்குதுங்க. உங்களுக்கு எதுக்குங்க இத்தன சிரமம்."

பிரத்யுஷா தட்டைவிட்டு நிமிரவில்லை. கோவிந்தராஜுலு ஊறுகாய் கேட்டார். எழுந்து எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு பிரத்யுஷா தட்டைப் பார்த்தபடியே, "அன்னைக்குத் தண்ணி பத்தல, இன்னைக்கு ஜாஸ்தியாப் போச்சுங்க. கொழகொழன்னு இருக்குது. அளந்து ஊத்தச் சொன்னனுல்ல" என்றாள். அம்மா இருப்பதை மறந்தேவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இப்படிச் சிரித்து அவள் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லையோ, எனக்குத் தெரியாது.

"எனக்கும் கொழகொழன்னுதான் இருந்துச்சு. பையன் சங்கடப்படுவான்னு சொல்லல" என்றாள். கீரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். சாப்பிட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"புளிச்சக்கீரையில போயி எதுக்கு அம்மணி இத்தன புளி? பல்லு கூசுது. அடுத்த தடவ போடாத."

பிரத்யுஷாவின் கண் நிறைந்துவிட்டது. "செரிங்கத்தை" என்றாள்.

நான் மோர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். மோர் ஏற்கெனவே அங்கே கூடத்தில்தான் இருந்தது. ஏன் போனாய் என்று யாரும் கேட்கவில்லை.