என் பக்கத்துச் சுவர்

நவம்பர் 4
காலையிலிருந்து இருதயமேரி வாசலில் கூட்டம். பழைய வீடுகளைக் காப்பாற்றுகிற அமைப்பாம். மாமனார் வீட்டை நடுச்சுவரை எல்லையாக வைத்து அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டதில், மறுபாதி என் கொழுந்தனுக்கு. அவன் பெண்டாட்டி இவள். எங்கள் பாதியில் பழைய தூண், உத்திர மரத்தையெல்லாம் எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டோம். கணக்குப் பார்த்துப் பார்த்து நான் வாங்கிய டைல்ஸ். அவளுக்கு வசதியில்லை, தேக்குத் தூண், மச்சு, சுண்ணாம்புச் சுவர் எல்லாம் அப்படியே கிடந்தன. இப்போது அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். என் வீட்டுக்குள் ஒருத்தர்கூடக் கால் வைக்கவில்லை.

நவம்பர் 10
சம்பா கோயிலில் பூசை முடிந்து பங்குச் சாமியார் மேரியிடம் கேட்கிறார்: "ஒங்க வீட்டப் பாக்க எப்ப வரலாம்?" பக்கத்தில் நான் நிற்கிறேன். ஜெபமாலையை எந்த மணியில் விட்டேனோ.

நவம்பர் 19
மேரி வீட்டில் அந்த அமைப்பு ஆரம்பித்த பழுதுவேலை நின்றுவிட்டது. அமைப்பு அனுப்பிய என்ஜினியர் மெரின், சின்னப் பொண்ணு, என் கதவைத் தட்டினாள். மேரி வீட்டு மச்சைத் தாங்குகிற உத்திரங்களின் முனை நடுச்சுவருக்குள் இருக்கிறது. என் பக்கத்து சிமெண்டும் டைல்ஸும் ஈரத்தை வெளியே விடாமல் முனை மக்கிவிட்டதாம்.
"ஒங்க பக்கம் ஒடச்சாதான் ஆன்ட்டி மாத்த முடியும். இல்லன்னா மச்சயே எறக்கிடணும்."
மாதா மாடம் இருக்கிற சுவர். டிசம்பரில் மாதா திருவிழா முடியட்டும் என்றேன்.
"இந்த மழைக்கே தாங்காது ஆன்ட்டி."
"அப்ப முடியாது."
சொல்லும்போது இனித்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

நவம்பர் 21
மேரி மீன் கொழம்போடு வந்தாள். "மாதா சொவர ஒடைக்க வேணாம்க்கா. மச்ச எறக்கிட்டு ஷீட்டு போட்டுக்கறோம்." முகத்தில் கோபமில்லை. ஒரு குத்தல் பேச்சுகூட இல்லை.
மாதாவே — நல்லவளா இருக்கறதுலயும் இவளேதான் முந்திக்கணுமா? அப்ப நான் யாரு?
விடமாட்டேன். மெரினுக்கு போன் போட்டு நாளைக்கே வந்து உடைக்கச் சொல்லிவிட்டேன்.
கொழம்பில் புளி தூக்கல்.

நவம்பர் 22
வீடெல்லாம் தூசி. மாதா சுரூபம் மேரி வீட்டுக் கூடத்தில். உத்திர முனையைத் தொட்டேன். நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

ஜனவரி 18
புதுத் தேக்கு ஏறிவிட்டது. என் பக்கமும் சுண்ணாம்பு பூசி, கல்லால் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருக்கிறார்கள்.
மேரி வந்து தடவிப் பார்த்தாள். "எங்க சொவத்தவிட ஒங்களுதுதான்க்கா மினுமினுன்னு இருக்கு."
"அப்படியா? நான் பாக்கல" என்றேன். அவள் மார்க்கெட் போயிருந்தபோதே இரண்டையும் தடவிப் பார்த்தாயிற்று.
மாதாவை எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். சுவர் காயட்டும் என்றேன். அதுவரை சாயங்கால ஜெபமாலைக்கு அவள் கூடத்துக்குத்தான் போகிறேன்.
சுவர் போன வாரமே காய்ந்துவிட்டது.