நாற்பத்தாறாம் வரிசை நனைந்தபோது

மெரிடின்
மேற்கு ஆஸ்திரேலியா
18 நவம்பர் 1991

அன்புத் தம்பி டேரிலுக்கு,

நலமா? உன் மனைவி க்ளெனிஸுக்கு முதுகுவலி தேவலையா? போன மாதம் போட்ட கடிதத்துக்கே நீ பதில் எழுதவில்லை. திட்ட இப்போது நேரமில்லை.

டிசம்பர் ஆறாம் தேதி வெளியீட்டுக் குழு கூடுகிறது. பன்னிரண்டு வருஷமாக நான் உருவாக்கிய கோதுமை, நாற்பத்தாறாம் வரிசை, விவசாயிகள் கைக்குப் போகுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். பக்கத்து அறை வின்டன் மைதானப் புல்லில் புது ரகம் வெளியிட்டுப் பத்திரிகையில் படம் வந்ததிலிருந்து, "உன் கோதுமை இன்னும் பள்ளிக்கூடமே தாண்டலையா?" என்று சீண்டிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு ஒரே பயம்தான். ஒன்பது ஊர்ச் சோதனை வயல்களில் உன் வயலில் மட்டும் அறுவடை நேரத்தில் மழை. கதிரிலேயே முளைவிட்ட கோதுமையில் ரொட்டி எழும்பாது. நிற்கிற பயிரிலிருந்து ஐம்பது கதிர் வெட்டி அனுப்பு. முளைத்திருந்தால் மறைக்காமல் சொல்.

உன் அக்கா,
நெரிடா

டால்வாலினு
22 நவம்பர்

அன்புள்ள அக்கா,

கதிர் அனுப்பிட்டேன். ஒண்ணுகூட முளைக்கல, நீயே எண்ணிப் பாரு. மழையா அது? சும்மா தூறிட்டுப் போச்சு. க்ளெனிஸ் உன் கோதுமை வெளியீட்டு விழாவுக்குன்னு புதுத் தொப்பியே வாங்கிட்டா. பக்கத்துப் பண்ணை மெர்வ், "உங்கக்கா விதை வரட்டும், என் வயல் பூரா அதுதான்"னு இப்பவே குதிக்கிறான். கவலைய விடு.

உன் தம்பி,
டேரில்

மெரிடின்
27 நவம்பர்

டேரில்,

கதிர்கள் வந்தன. பொன் மாதிரி மினுங்குகின்றன. அதுதான் இடிக்கிறது. நனைந்த கோதுமை வெளுத்துப்போகும். விசாரித்தேன், உங்கள் ஊரில் இரண்டு நாளில் நாற்பது மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. இவை மழைக்கு முன்னால் வெட்டியவை. இல்லையென்றால் இல்லையென்று எழுது. இன்னும் ஒன்பது நாள்தான்.

அக்கா

டால்வாலினு
1 டிசம்பர்

அக்கா,

ஆமா. விழா மேடையில வைக்கலாம்னு மழைக்கு முந்தியே ஒரு கட்டு அறுத்து ஷெட்ல தொங்கவிட்டிருந்தேன். அதுலேர்ந்துதான் அனுப்பினேன். வயல்ல நின்னது பூரா பச்சை முளை.

வேற என்ன செய்யச் சொல்ற? இந்தக் கோதுமைக்காகக் கல்யாணத்தையே விட்டவ நீ. அப்பா சாவுக்கு வந்தப்பகூட, பயிர் பூக்குற நேரம்னு அன்னைக்கே திரும்பிட்ட. இத்தனைக்கப்புறம் நீ வெறுங்கையோட நிக்கறத என்னால பாக்க முடியாது. இங்க அறுவடையில மழை பத்து வருஷத்துக்கு ஒருக்காதான். யாருக்கும் தெரியாது. உன் சோதனைப் பாத்தி அத்தனையிலயும் ஆட்டை விட்டு மேய்ச்சுட்டேன். இதைக் கிழிச்சுப் போட்டுடு.

டேரில்

மெரிடின்
7 டிசம்பர்

டேரில்,

நேற்று குழுவில் எழுந்து, நடந்ததைச் சொல்லி, நாற்பத்தாறை நானே திரும்பப் பெற்றேன். "கதிரை மாத்தினது யாரு?" என்று தலைவர் கேட்டார். "என் தம்பி" என்றேன். வின்டன் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

மெர்வ் வயல் பூராவும் விதைத்து, ஒரே மழையில் அத்தனையும் பன்றித் தீனியாகியிருந்தால் அவன் முகத்தில் எப்படி முழித்திருப்பாய்?

அதைக்கூட மன்னித்துவிடுவேன். எனக்காகத்தானே செய்தாய். ஆனால் உன் வயலில் என்னுடைய வேறு அறுபது புதுக் கோதுமை வரிசைகளும் நின்றன. அத்தனை மழையிலும் முளைக்காத ஒன்று அவற்றில் இருந்திருக்கலாம். நான் பயந்த அதே மழைதான் அதை அடையாளம் காட்டியிருக்கும். அதை வைத்து மறுபடி ஆரம்பித்திருப்பேன். நீ அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டாய்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். ஏன் என்று க்ளெனிஸிடம் நீயே சொல்.

நெரிடா